கல்கத்தாவிலிருந்து ஏழரை மணித்தியாலம்

1. மாரிகாலத்தில் ஒரு நாள், விடியுமுன், கல்கத்தாவிலிருந்து ஒரு விமானம் மட்டக்களப்புக்குப் புறப்பட்டது.
2. அது வந்து சேரவேண்டிய நேரத்தை நாங்கள் இருவர் தனித்தனியே கணித்தோம். இரண்டு விடைகளும் ஒத்திருந்தன.
3. அந்த நேரத்துக்கு அது வரவில்லை.
4. பிற்பகலில் வாகரைக் கிராமத் தலைமைக்காரரான விதானையாரிடமிருந்து ஒரு தந்தி வந்தது.
5. தந்தியில் இருந்த நேரத்தோடு எங்கள் வானிலைக் கந்தோரில் ஒரு மணித்தியாலம் கூட்டப்பட்டது.
6. அந்த ஒரு மணித்தியாலத்தை வாகரையிலேயே கூட்டிவிட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

இதை எழுதக் காரணம் இரண்டு. சென்ற மாதம் எங்கள் பாடசாலையிலிருந்து இரண்டு மாணவிகள் வீட்டுக்கு வந்தார்கள். பழைய மாணவியர் மலருக்கு உத்தியோக அனுபவம் எழுதித் தரவேண்டும் என்றார்கள். ஒருத்தியின் கையில் பத்திரிகை இருந்தது. அதில் ஒரு விமானக் கம்பெனியின் விளம்பரம்: கொழும்பிலிருந்து லண்டனுக்கு இத்தனை மைல், இத்தனை மணித்தியாலம். அது சரியா என்று கணக்குப் போட்டுச் சொல்லும்படி கேட்டாள். மைலைச் சொல்லலாம், மணித்தியாலத்தைச் சொல்ல அன்றைய காற்று வேண்டும் என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. பஸ்சுக்கு நேரம் இருக்கிறது, ரயில் கோச்சிக்கு நேரம் இருக்கிறது, விமானத்துக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாள். நல்ல கேள்வி.

இரண்டாவது காரணம், வாகரை விதானையார் காலமாகிவிட்டார். அவர் இருக்கும்வரை இதை எழுத முடியாது. ஏனென்று பின்னால் தெரியும்.

எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வுபெற்றவள் என்று என்னைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் கந்தோரை மூடி, கையொப்பம் வாங்கி, இனி வரவேண்டாம் என்று அனுப்பினார்கள். அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

கொழும்பில் கணிதம் படித்து முடித்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் பலர் படைக்குப் போய்விட்டதால் வானிலைக் கந்தோர்களுக்குப் பெண்களையும் எடுத்தார்கள். மூன்று மாதம் பயிற்சி தந்தார்கள். மேகங்களின் வகை, பாரமானி, பலூன், காற்றுக் கணக்கு. பிறகு சொந்த ஊரான மட்டக்களப்புக்கே அனுப்பினார்கள். பெரிய அதிர்ஷ்டம் என்று அப்பா கோயிலில் அருச்சனை செய்வித்தார்.

விமானத் தளம் வாவிக் கரையில் இருந்தது. எங்கள் கந்தோர் ஓடுபாதையின் கரையில் தகரம் போட்ட ஒரு கொட்டகை. நாங்கள் நான்கு பேர். மேலதிகாரி மிஸ்டர் அன்ட்றாடோ, ஊர்ப் பறங்கியர், ஐம்பது வயதுக்காரர். கணிப்பாளர்கள் இருவர், அமிர்தகழித் தங்கமும் நானும். நான்காமவர் ஏறாவூர் இஸ்மாயில், அண்ணன் முறையில் எங்களுக்குக் காக்கா. பலூனுக்குக் காஸ் அடிப்பதும், தேநீர் ஊற்றுவதும், தந்தி கொண்டுவருவதும் அவர் வேலை.

வேலை இப்படி நடக்கும். காலையிலும் பின்னேரத்திலும் ஒரு பலூனை வானில் விடுவோம். அது ஏறும் வேகம் நமக்குத் தெரியும். ஆகவே எந்த நிமிடத்தில் எந்த உயரத்தில் இருக்கும் என்பதும் தெரியும். ஒருத்தி தூரதரிசினியில் அதைப் பின்தொடர்ந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கோணத்தை வாசிப்பாள். மற்றவள் எழுதுவாள். பலூன் எந்தப் பக்கம், எவ்வளவு விலகிப் போகிறதோ அதுவே அந்த உயரத்துக் காற்று. பிறகு மேசைக்கு வந்து ஒரு முக்கோணம் வரைவோம். விமானத்தின் மூக்கு நோக்கும் திசையும் அதன் வேகமும் ஒரு கோடு. காற்று இன்னொரு கோடு. மூன்றாவது கோட்டை அளந்தால் விமானம் தரைக்கு மேல் உண்மையில் எவ்வளவு வேகத்தில் நகரும் என்பது வரும். தூரத்தை அதால் பிரித்தால் நேரம். கடலுக்கு மேல் பலூன் விட முடியாது. அதனால் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கல்கத்தாவிலும் எடுத்த காற்றைத் தந்தியில் பெற்று வழியைத் துண்டு துண்டாகக் கணிப்போம்.

கல்கத்தாவுக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஆயிரத்து நூறு மைலுக்குச் சற்று மேல். அது என்றைக்கும் அதுதான். ஆனால் வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளும் மாதங்களில் கல்கத்தா விமானம் ஏழரை மணித்தியாலத்தில் வரும். சோளகம் எதிர்த்து வீசும் மாதங்களில் அதே விமானத்துக்கு ஒன்பது ஆகும்.

மிஸ்டர் அன்ட்றாடோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் தச்சு வேலைக் குடும்பம். மேசையில் இருந்த அளவுகோலைத் தானே சீவிச் செய்திருந்தார். எங்கள் இருவரையும் முதுகோடு முதுகாக உட்காரவைத்து ஒரே கணக்கைக் கொடுப்பார். இரண்டு தாள்களையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடிப்பார். ஒத்துவராவிட்டால் இரண்டையும் கிழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வார். யாருடையது பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் முதல் தரம் "பதினொன்றரைக்கு வரும், சேர்" என்று சொன்னபோது தலையை ஆட்டினார்.

"வருமெண்டு சொல்லாத, பிள்ளை. வரவேணுமெண்டு சொல்லு. வாறது ஓட்டுறவன்ட கையிலயும் காத்திட கையிலயும் கிடக்கு."

மணிக்கூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். யுத்த காலத்தில் இலங்கையின் நேரத்தை முதலில் அரை மணியும் பிறகு முழு மணியும் முன்னால் தள்ளிவைத்தார்கள். பட்டினத்தில் கந்தோர்களும் பாடசாலைகளும் புது மணிக்கு மாறின. ஊர்கள் மாறவில்லை. கோயில் பூசையும் பள்ளிவாசல் தொழுகையும் தோணிக்காரர் கடலுக்குப் போவதும் பழைய மணியில்தான். இவை போதாதென்று விமானங்களுக்குக் கிறீனிச் நேரம். எங்கள் சுவரில் மூன்று மணிக்கூடுகள் தொங்கின. இஸ்மாயில் காக்கா அவற்றைத் துடைக்கும்போது, "இது வெள்ளக்காரன்ட, இது கவுண்மேந்திட, இது அல்லாட. மூணு மணிக்கூடு இருந்தும் மனிசன் சாப்பிட நேரமில்ல" என்பார்.

ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த பெரிய உத்தியோகத்தர்களை வாவிக்கு அக்கரை சேர்க்கக் காத்தான்குடித் தோணிக்காரர் ஒருவரை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். அவர்கள் ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றார்கள். தோணிக்காரர் ஆறுதலாக, அவசரமில்லாமல் வந்தார். மிஸ்டர் அன்ட்றாடோ ஏசினார். "நான் எட்டுக்குத்தான் வந்த, தொர. உங்கட மணிக்கூடுதான் ஒரு மணி முன்னால ஓடிப்போய் நிக்கிது" என்றார் அவர். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டோம். அடுத்த நாள் காலை சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஊர்ப்புறத்திலிருந்து எந்த நேரம் அறிவிக்கப்பட்டாலும் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளவேண்டும் என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தார். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அந்த விதி பிழைத்ததில்லை.

தங்கத்தின் தம்பி அருள்ராஜா. கம்பியில்லாத் தந்தி படித்து விமானப் படையில் சேர்ந்தவன். கல்கத்தாவிலிருந்து தபாலும் சாமானும் ஏற்றிவரும் விமானத்தில் இரண்டு மூன்று முறை வந்திருக்கிறான். வந்தவுடன் எங்கள் கொட்டகைக்குள் தலையை நீட்டுவான். "நாங்க சும்மா இருந்து வாற. ஓட்டுறது எங்கட அக்காவும் நீங்களும்தான்" என்பான். தங்கம் அவனைத் திட்டுவாள். அவன் வரும் நாளுக்கு முதல் நாளே வரக்கூடிய நேரத்தைத் தாயாரிடம் பழைய மணியில் சொல்லிவைப்பாள். விதவைத் தாய். அந்த நேரத்துக்கு உலை வைப்பார்.

அன்று விமானம் புது மணியில் பதினொன்றேகாலுக்கு வரவேண்டும் என்று எங்கள் இரு தாள்களும் சொல்லின. வானம் தாழ்ந்து கிடந்தது. பாதி வழியில் அருள்ராஜா அனுப்பிய ஒரு செய்தி மட்டும் வந்தது, எல்லாம் சரி என்று. பிறகு இடியும் மின்னலும். கம்பியில்லாத் தந்தியில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

பதினொன்றேகால் ஆயிற்று. பன்னிரண்டு மணி கடந்து, தினமும் திருகோணமலையிலிருந்து கரையோரமாக வரும் சிறிய விமானம் மழைக்குள் தாழப் பறந்து வந்து இறங்கியது. கல்கத்தா விமானத்தை அவர்கள் காணவில்லை. எரிபொருள் எத்தனை மணிவரை போதும் என்று கணிக்கவேண்டிய நேரம் வந்தது. மிஸ்டர் அன்ட்றாடோ தங்கத்தின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, வீட்டுக்குப் போகிறாயா, இஸ்மாயிலைத் துணைக்கு அனுப்புகிறேன் என்றார்.

தங்கம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் எழும்பிப் போனா ரெண்டாவது கணக்க ஆர் போடுற, சேர்?"

அவர் தாளைக் கொடுத்தார். நாங்கள் முதுகோடு முதுகாக இருந்து போட்டோம். அவளுடைய கதிரை என் கதிரையில் பட்டுக்கொண்டிருந்தது. விடைகள் ஒத்திருந்தன. இரண்டரை மணிக்குமேல் விமானம் காற்றில் இருக்க முடியாது.

இரண்டு மணியளவில் தந்தி வந்தது. வாகரை எங்களுக்கு வடக்கே ஒரு கரையோரக் கிராமம், அங்கே தந்திக் கந்தோர் இல்லை. விதானையார் ஒருவரைச் சைக்கிளில் வாழைச்சேனைக்கு அனுப்பி அடிப்பித்திருந்தார். மழையில் அந்தப் பாதையில் வர அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. செய்தி சுருக்கமானது: பதினொரு மணிக்குக் கடல் பக்கம் தாழ்வாக விமானச் சத்தம், திடீரென்று நின்றது, தோணி இறக்கவா?

மிஸ்டர் அன்ட்றாடோ அதை மேசையில் விரித்து, பதினொன்றுக்கு மேல் சிவப்புப் பென்சிலால் பன்னிரண்டு என்று எழுதினார். பன்னிரண்டு மணிக்கு வாகரையைக் கடந்தது திருகோணமலை விமானம். அது பத்திரமாக வந்து எங்கள் வாசலில் நிற்கிறது. மழைக்குள் தாழப் பறந்ததும் உண்மை. காற்றடிக்கும்போது சத்தம் அறுந்து போவதும் வழக்கம். எனக்கும் அது சரியாகவே பட்டது. தங்கம் தந்தியை வாங்கி இரண்டு முறை வாசித்தாள்.

"அப்ப அவங்க கேட்டது எங்கட பிளேன் இல்ல" என்றாள். காலையிலிருந்து அப்போதுதான் அவள் கதிரையில் சாய்ந்ததைக் கண்டேன்.

அவள் அப்படிச் சொன்னதற்கு நியாயம் இருந்தது. விமானம் இன்னும் இங்கே வந்து சேரவில்லையென்றால் வடக்கே எங்காவது ஒரு மணற்கரையில் இறங்கியிருக்கலாம். தேடும் படகுகளும் விமானங்களும் கடைசிச் செய்தி வந்த இடத்தை வைத்து முல்லைத்தீவுக் கடலுக்கும் அதற்கு அப்பாலும் போயின. வாழைச்சேனை வழியாக வாகரைக்கு மறுதந்தி போனது: அது வேறு விமானம், பத்திரமாக இறங்கிவிட்டது, தோணி இறக்கவேண்டாம்.

கணக்கை இருவர் போட்டோம். தந்தியின் நேரத்தை ஒருவர்தான் கணித்தார். அதையும் இருவர் தனித்தனியே பார்க்கவேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை.

மூன்றாம் நாள் காலை விதானையார் நேரில் வந்தார். வயதானவர். வெள்ளைக் கோட்டும் வேட்டியும் முழங்கால்வரை சேறும். சாக்கில் சுற்றி ஒரு மரப்பெட்டியின் மூடியைக் கொண்டுவந்திருந்தார். கடல் ஒதுக்கியது என்றார். அதில் கல்கத்தாத் தபாலின் முத்திரை இருந்தது. தங்கம் அன்று வேலைக்கு வரவில்லை. அது ஒன்றுதான் அன்றைய நல்ல காரியம்.

"வேற பிளேன் எண்டு தந்தி அடிச்சீங்களே, ஐயா" என்றார் விதானையார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. விளங்கிக்கொள்ளக் கேட்டார்.

"நீங்க சத்தம் கேட்டது பன்னிரண்டுக்கு" என்றார் மிஸ்டர் அன்ட்றாடோ.

"இல்லையே. உங்கட மணிக்குப் பன்னிரண்டுக்குப் போறது நாளாந்தம் போறது. அத எங்கட பொடியனுகளும் அறிவானுகள். இது அதுக்கு முதல். எங்கட மணிக்குப் பத்து. கவுண்மேந்துக்கு எழுதக்குள்ள கவுண்மேந்து மணியில எழுதவேணுமெண்டு நான்தான் ஒண்டக் கூட்டிப் பதினொண்டு எண்டு போட்ட. உங்களுக்குக் கரைச்சல் வரப்படாதே."

இஸ்மாயில் காக்கா தேநீர்க் கோப்பையை நீட்டியபடியே நின்றார். நான் சுவரிலிருந்த தாளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். மிஸ்டர் அன்ட்றாடோ பெட்டி மூடியின் மேல் கையை வைத்தார். பிறகு, மிகவும் சாதாரணமான குரலில், "நீங்க செய்தது சரி, விதானையார். பிழை எங்கட. நீங்க தேத்தண்ணி குடியுங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நாங்களும் ஒன்றைக் கூட்டினோம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தன் மரியாதையே விமானத்தில் இருந்த நாலு பேருக்கு எமனாயிற்று என்று அந்த மனிதர் மிச்சக் காலம் முழுவதும் நினைத்திருப்பார். மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையிலும் விதானையாரின் கூட்டலைப் பற்றி ஒரு சொல் இல்லை. தந்தியில் நேரம் சரியாக இருந்தது, அதை மாற்றியது நான் என்று தன் பெயரை மட்டும் எழுதினார். அந்த அறிக்கையைத் தட்டெழுதியவள் நான். விதானையார் போனபின் சுவரிலிருந்த தாளைக் கிழித்தார். பலூன் விடும் நேரம் வந்தது. விட்டோம்.

அன்று பின்னேரம் அவர் அமிர்தகழிக்குப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார். மாமாங்கக் குளத்துக்குப் பக்கத்தில் ஓலை வேய்ந்த வீடு. உள்ளே அழைத்தும் அவர் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை தங்கத்திடமும் தாயாரிடமும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. தோணி இறக்கவேண்டாம் என்று சொன்னதையும் சொன்னார்.

தங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயார் எல்லாவற்றையும் கேட்டபின் ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப என்ட மகன் வாகரைக்கு வந்திட்டானா, ஐயா?"

"ஓம், அம்மா."

"எத்தின மணிக்கு?"

"பழைய மணிக்குப் பத்து."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீ பத்தேகால் எண்டு சொன்ன. அங்கயிருந்து இஞ்ச வர அவ்வளவு நேரம்தானே பிடிக்கும்?"

நான்தான் ஓம் என்றேன்.

"நேரத்துக்குத்தான் வந்திருக்கான்" என்றார் தாயார். பிறகு எழுந்து உள்ளே போனார். நாங்கள் போகும்வரை வெளியே வரவில்லை.

திரும்பும் வழியில் மிஸ்டர் அன்ட்றாடோ வாவிக் கரையில் ஓரிடத்தில் நின்று, எங்கள் கணக்கில் எவ்வளவு பிழை என்று கேட்டார். பிழையே இல்லை என்றேன். வாடைக்காற்று நாங்கள் சொன்னபடியே வீசியிருக்கிறது. விமானம் நாங்கள் சொன்னபடியே வந்திருக்கிறது. கீழே மழைக்குள் தரையைத் தேடி இறங்கும்போதுதான் ஏதோ நடந்திருக்கிறது. "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

இதைச் சொன்னபோது, அன்று தோணி இறக்கியிருந்தால் யாராவது பிழைத்திருப்பார்களா என்று மாணவிகள் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. மாரிக் கடல். வாகரைத் தோணிகள் சிறியவை. ஆனால் விதானையார் தோணிகளையும் ஆட்களையும் கரையில் வைத்துக்கொண்டுதான் எங்களிடம் கேட்டிருந்தார், தந்தி வந்தபோது இருட்ட இன்னும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

தங்கம் இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். மிஸ்டர் அன்ட்றாடோ எழுந்து நின்றார். அவள் காலை வணக்கம் சொல்லிவிட்டுத் தன் கதிரையைத் திருப்பி என் முதுகுக்கு நேரே போட்டாள். அதன்பிறகு வந்த தந்தி ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பார்த்தோம். ஊர்களிலிருந்து நேரம் வந்தால், எந்த மணிக்கூடு என்று திருப்பிக் கேட்டோம். சிலருக்கு அது கோபத்தை உண்டாக்கியது. பரவாயில்லை.

இப்போதைய நிலவரம் இது. யுத்தம் முடிந்து மணிக்கூடுகளைப் பழைய நேரத்துக்கே திருப்பி வைத்துவிட்டார்கள். தளத்தில் மாடு மேய்கிறது. மிஸ்டர் அன்ட்றாடோ கொழும்பில் மகளோடு இருக்கிறார். இஸ்மாயில் காக்கா ஏறாவூரில் கடை வைத்திருக்கிறார். தங்கம் பெண்கள் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறாள், அந்தப் பத்திரிகையோடு வந்த பிள்ளை அவளுடைய மாணவிதான். விமானத்தில் இருந்த நால்வரில் இருவரின் உடல்கள் கரை ஒதுங்கின. அருள்ராஜாவின் உடல் கிடைக்கவில்லை. ஆடி அமாவாசைக்குத் தாயார் மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகிறார். காலஞ்சென்றவர்களின் பெயர்களை ஐயர் கேட்கும்போது கணவரின் பெயரைச் சொல்கிறார். வேறு பெயர் உண்டா என்று கேட்டால், இல்லை என்கிறார்.